அரசாங்கப் பணத்தையும் அரச சொத்தையும் பாராளுமன்றம் வரை பின்தொடர்வது எப்படி: முழுமையான வழிகாட்டி

தொலைக்காட்சியில் கோப் குழு (அரச நிறுவனங்களின் கணக்கைப் பார்க்கும் பாராளுமன்றக் குழு) அமர்வின் ஒரு துண்டு ஓடும். உறுப்பினர் ஒருவர் குரலை உயர்த்துவார், எதிரே இருக்கும் நிறுவனத் தலைவர் கடதாசியைப் புரட்டிக்கொண்டே இருப்பார், திரையின் அடியில் பல கோடி ரூபாய் என்று ஓர் எண் போகும். அதைப் பார்த்துவிட்டு "இதைப் பற்றி எழுதப்போகிறேன்" என்று வரும் இளையவர்களோடு சில வருடங்களாக உட்கார்ந்து வேலை செய்துவருகிறேன். அநேகமாக எல்லோரும் சறுக்குவது ஒரே இடத்தில்தான். கடைசியாகப் பார்க்கவேண்டியதை முதலில் பார்த்துவிடுகிறார்கள்.

இலங்கைப் பாராளுமன்றத்தை வைத்தே இதை எழுதுகிறேன். செய்தியாளர், மாணவர், ஊரில் ஒரு சங்கத்தை நடத்துபவர் என்று யாராக இருந்தாலும் இதே ஒழுங்கில் போகலாம்.

தொடங்கும் முன் கையில் இருக்கவேண்டியவை

ஐந்து ஆவணங்கள் வேண்டும்: அந்த ஆண்டின் வரவு செலவுத்திட்ட மதிப்பீட்டு நூலில் உரிய பக்கங்கள், நிறுவனத்தின் வருடாந்த அறிக்கை அல்லது செயலாற்றுகை அறிக்கை, கணக்காய்வு அறிக்கை, குழுவின் அறிக்கை, அது விவாதிக்கப்பட்டிருந்தால் ஹன்சாட் (சபையில் பேசியதன் பதிவு). முதலாவது திறைசேரியின் இணையத்தளத்தில் இருக்கும். மற்றவற்றைத் தேசிய கணக்காய்வு அலுவலகத்தினதும் பாராளுமன்றத்தினதும் தளங்களில் தேடுங்கள். ஐந்தும் கிடைக்கும்வரை காத்திருக்கத் தேவையில்லை. முதல் மூன்று கிடைத்தால் தொடங்கிவிடலாம்.

அப்புறம் ஒரு தாள். அதில் நான்கு நிரல்கள்: ஆண்டு, ஆவணத்தின் பெயர், பக்கம், எண். எண்ணை அச்சில் உள்ளபடியே, அலகோடு எழுதுங்கள். மதிப்பீட்டு நூல் ஆயிரம் ரூபாயில் பேசும், கணக்கு முழு ரூபாயில் பேசும், நிதி அமைச்சின் அறிக்கை மில்லியனிலும் பில்லியனிலும் பேசும். மதிப்பீட்டு நூலில் 45,000 என்று இருந்தால் அது நாலரைக் கோடி ரூபாய். நாற்பத்தைந்தாயிரம் என்று நினைத்து "இவ்வளவுதானா?" என்று கேட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். இலட்சம், கோடிக்கு மாற்றும் வேலையைக் கடைசி நாளுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு நிறுவனத்துக்கு முழுதாக இரண்டு நாள் ஒதுக்குங்கள். ஒரு மாலையில் முடியாது.

1. ஒரு நிறுவனம், ஒரு வருடம் என்று முடிவுசெய்யுங்கள்

"சுகாதாரத் துறையில் வீண்விரயம்" என்று தொடங்கினால் எங்கும் போய்ச் சேரமாட்டீர்கள். யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலை, 2022 என்று தொடங்கினால் வழி தெரியும்.

நிறுவனத்தைவிட வருடத்தைத்தான் ஆட்கள் கூடுதலாகக் குழப்பிக்கொள்கிறார்கள். இலங்கையில் நிதியாண்டு சனவரி முதலாம் திகதி தொடங்கி டிசம்பர் 31இல் முடிகிறது. நிதியாண்டு முடிந்து 10 மாதங்களுக்குள் அரச கணக்குகளைத் தணிக்கை செய்யும் கணக்காய்வாளர் தலைமை அதிபதி பாராளுமன்றத்துக்கு அறிக்கையிட வேண்டும் என்று அரசியலமைப்பின் 154ஆம் உறுப்புரை சொல்கிறது. குழு அந்த அறிக்கையைக் கையில் எடுக்க இன்னும் காலம் போகும். ஆகவே இந்த வருடம் நடக்கும் அமர்வில் பேசப்படுவது இரண்டு மூன்று வருடத்துக்கு முந்தைய கணக்காக இருக்கலாம். கதிரையில் இருக்கும் தலைவர் அந்தக் காலத்தில் வேறெங்கோ வேலை செய்திருப்பார். அவர் படத்தைப் போட்டு அந்த இழப்பை எழுதினால், மறுநாள் திருத்தம் போடவேண்டியது நீங்கள்தான்.

2. கோபாவா, கோப்பா என்று பாருங்கள்

இரண்டு குழுக்களின் பெயரும் காதுக்கு ஒன்றுபோல இருக்கும், வேலை வேறு. அரசாங்கக் கணக்குகள் பற்றிய குழு, அதாவது கோபா, அமைச்சுகள், திணைக்களங்கள், மாகாண சபைகள், உள்ளூராட்சி மன்றங்களைப் பார்க்கிறது. அரசாங்கப் பொறுப்பு முயற்சிகள் பற்றிய குழு, அதாவது கோப், கூட்டுத்தாபனங்கள், நியதிச்சட்ட சபைகள் (தனிச் சட்டத்தால் அமைத்தவை), அரச கம்பனிகளைப் பார்க்கிறது. பாராளுமன்ற நடைமுறை விதிகளான நிலையியற் கட்டளைகளில் முன்னையது 119, பின்னையது 120. 121இல் வரும் அரசாங்க நிதி பற்றிய குழு செலவான பிறகு நடப்பதைவிட, வரவிருக்கும் சட்டமூலங்களையும் வரி, கடன் விடயங்களையும் பார்ப்பது. இந்த வழிகாட்டியில் அதற்கு வேலை குறைவு.

இந்தப் படியைத் தாண்டினால் பிழையான இடத்தில் நாட்கணக்கில் தேடுவீர்கள். பல்கலைக்கழகம் அரசாங்கத்தினுடையது, அதனால் கோபா என்று பலர் நினைக்கிறார்கள். பல்கலைக்கழகங்கள் கோப் முன்தான் வரும். போதனா வைத்தியசாலை சுகாதார அமைச்சுக்குள் வருவதால் கோபா. பிரதேச சபையும் கோபா. ஆனையிறவு உப்பளத்தை நடத்தும் அரச கம்பனி, பரந்தன் கெமிக்கல்ஸ் போன்றவை கோப்.

கம்பனி என்றால் இன்னொரு கேள்வியும் உண்டு: பங்கு யாரிடம்? அரசாங்கமோ, அரச கூட்டுத்தாபனமோ, உள்ளூராட்சி மன்றமோ 50 வீதமோ அதற்கு மேலோ வைத்திருக்கும் கம்பனி கணக்காய்வாளர் தலைமை அதிபதியின் வட்டத்துக்குள் வருகிறது. இதன் அருமை 6ஆம் படியில் தெரியும்.

3. செலவுத் தலைப்பைக் கண்டுபிடியுங்கள்

ஆண்டுச் செலவுக்குப் பாராளுமன்றம் அனுமதி கொடுக்கும் ஒதுக்கீட்டுச் சட்டத்தில் ஒவ்வொரு அமைச்சுக்கும் திணைக்களத்துக்கும் ஒரு தலைப்பு இலக்கம் உண்டு. பாதுகாப்பு அமைச்சு 103, சுகாதாரம் 111, கல்வி 126. அமைச்சுகளின் பெயர்கள் அரசாங்கம் மாறும்போதெல்லாம் நீளும், குறுகும், ஒட்டும், பிரியும். பெயரைப் பிடித்துக்கொண்டு போனவர்கள் இரண்டு வருடக் கணக்கை ஒப்பிட முடியாமல் தவித்திருக்கிறார்கள். எண்ணைப் பிடியுங்கள். அதுவும் சில வேளை மாறும், ஆனால் பெயர் அளவுக்கு இல்லை.

தலைப்புக்குக் கீழே நிகழ்ச்சித்திட்டம், கருத்திட்டம், அதன் கீழ் செலவு விடயக் குறியீடு. இந்த நான்கு இலக்கக் குறியீடுதான் உங்களுக்கு அதிகம் உதவும். 1இல் தொடங்கினால் மீண்டெழும் செலவு (அன்றாடம் திரும்பத் திரும்ப வருவது), 2இல் தொடங்கினால் மூலதனச் செலவு (கட்டடம், வாகனம் போன்ற சொத்துக்கானது). 1001 சம்பளம், 1002 மேலதிக நேரம், 1202 எரிபொருள், 1301 வாகனப் பராமரிப்பு, 1403 மின்சாரமும் நீரும், 2001 கட்டடத் திருத்தம், 2101 வாகனம் வாங்கல், 2104 கட்டடம் கட்டல். எல்லா அலுவலகத்துக்கும் இதே குறியீடுதான் என்பதால் ஒரு கச்சேரியை (மாவட்டச் செயலகத்தை) இன்னொரு கச்சேரியோடு நேராக ஒப்பிடலாம். வாகனம் குறைந்த ஓர் அலுவலகத்தில் 1202ம் 1301ம் ஏறிக்கொண்டே போனால், அங்கே கேட்க ஏதோ இருக்கிறது.

கூட்டுத்தாபனத்துக்கும் சபைக்கும் தனித் தலைப்பைத் தேடாதீர்கள். திறைசேரி கொடுக்கும் பணம் உரிய அமைச்சின் தலைப்புக்குள் 1503 என்றும் 2201 என்றும் அரச நிறுவனங்களுக்கான மாற்றலாகக் கிடக்கும். அதுவும் அந்த நிறுவனத்தின் பணத்தில் ஒரு பகுதிதான். நிறுவனம் தானாகச் சம்பாதிப்பதும் வங்கியில் கடன் வாங்குவதும் மதிப்பீட்டு நூலில் வராது. அதற்கு அதன் வருடாந்த அறிக்கைதான் கதி.

குறியீட்டுக்குப் பக்கத்தில் நிதியிடல் எண் ஒன்றும் இருக்கும். 11 உள்நாட்டு நிதி, 12 வெளிநாட்டுக் கடன், 13 வெளிநாட்டு நன்கொடை. ஒரு வீதியை "வெளிநாட்டு உதவி" என்று பெயர்ப்பலகை சொல்லும். எண் 12 என்றால் அது திருப்பிக் கட்டவேண்டிய பணம்.

4. மதிப்பீட்டையும் செலவையும் பிரித்தெடுங்கள்

என்னோடு வேலை செய்த ஒருவர், ஓர் அலுவலகத்துக்குக் கட்டடத்துக்காக ஒதுக்கிய தொகையை எடுத்து, "இவ்வளவு செலவழித்தும் கட்டடம் எங்கே?" என்று எழுதிவிட்டார். செலவே நடக்கவில்லை. அன்று நானும் அவர் பக்கத்தில் இருந்து படித்துப் பார்த்துத்தான் விட்டேன். ஆகவே பழியில் பாதி என்னுடையது.

ஏற்பாடு என்பது பாராளுமன்றம் கொடுத்த அனுமதி. காசு வருவது திறைசேரி விடுவிக்கும் கட்டுநிதியாக. "ஏற்பாடு இருந்தது, கட்டுநிதி வரவில்லை" என்ற வசனத்தை அரச அலுவலகங்களில் அடிக்கடி கேட்பீர்கள். பல நேரம் அது உண்மை. அதனால் வருட முடிவில் செலவாகாத தொகையை "சேமிப்பு" என்று புகழவும் கூடாது, "வேலை செய்யாமல் திருப்பி அனுப்பினார்கள்" என்று திட்டவும் கூடாது. முதலில் கட்டுநிதி எவ்வளவு வந்தது என்று கேளுங்கள்.

உண்மைச் செலவைப் பார்க்க ஒரு குறுக்குவழி உண்டு. மதிப்பீட்டு நூலில் இரண்டு வருடம் முந்தைய உண்மைச் செலவு ஒரு நிரலாக இருக்கும். 2023இல் உண்மையில் என்ன செலவானது என்று அறிய 2025ஆம் ஆண்டின் நூலைத் திறக்கவேண்டும். அதை ஒதுக்கீட்டுக் கணக்கோடு, அதாவது ஒதுக்கிய பணம் எப்படிச் செலவானது என்று காட்டும் வருட முடிவுக் கணக்கோடு, ஒத்துப்பாருங்கள்.

இடையில் தொகை மாறியும் இருக்கும். மூன்று வழிகளைத் தேடுங்கள். ஒன்று, கூடுதல் பணம் கேட்டுப் பாராளுமன்றத்துக்கு வரும் குறைநிரப்பு மதிப்பீடு. இரண்டு, அரச அலுவலகங்களின் நிதி விதித் தொகுப்பான நிதிப்பிரமாணங்களில் 66இன் கீழ் ஒரு விடயத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றுவது. மூன்றாவது, வரவு செலவுத்திட்டத் திணைக்களத்தின் தலைப்பு 240. எதிர்பாராத தேவைக்கென்று அங்கே ஒரு பெருந்தொகை வைக்கப்படும், வருடத்தினிடையில் மற்ற அமைச்சுகளுக்குப் பிரித்துக் கொடுக்கப்படும். அப்படிக் கொடுத்ததைக் காரணத்தோடு பாராளுமன்றத்துக்கு அறிவிக்கவேண்டும். சபையில் வைக்கப்படும் அந்தப் பட்டியலை யாருமே படிப்பதில்லை. எந்த அமைச்சுக்கு, என்ன காரணத்துக்கு என்று வரிவரியாக இருக்கும். வாகனம், வெளிநாட்டுப் பயணம், விழா எல்லாம் அதில் எட்டிப் பார்க்கும்.

5. கணக்காய்வு அறிக்கையை நடுவிலிருந்து படியாதீர்கள்

பெரிய எண்ணைத் தேடி நேரே நடுப்பக்கத்துக்குப் போவதுதான் எல்லோருடைய பழக்கமும். முதலில் அபிப்பிராயத்தைப் படியுங்கள். கணக்குகள் சரியான நிலையைக் காட்டுகின்றன என்கிறாரா, சில விடயங்கள் தவிர என்கிறாரா, காட்டவே இல்லை என்கிறாரா, அல்லது அபிப்பிராயம் சொல்லப் போதிய சான்று கிடைக்கவில்லை என்று கைவிரிக்கிறாரா? கடைசி வகை என்றால், அந்த நிறுவனத்தின் இலாப நட்ட எண்ணை நீங்கள் மேற்கோள் காட்டுவதிலேயே அர்த்தம் குறைவு.

அடுத்து அட்டவணைகள். பொதுவாக மூன்று நிரல் இருக்கும்: கணக்காய்வு அவதானிப்பு, முகாமைத்துவத்தின் அல்லது கணக்கீட்டு உத்தியோகத்தரின் கருத்துரை, விதப்புரை. புதியவர்கள் முதலாவதைப் பிரதி பண்ணிக்கொண்டு எழும்பிவிடுகிறார்கள். நான் நடு நிரலில்தான் அதிக நேரம் செலவழிப்பேன். ஆவணத்தோடு மறுத்திருக்கிறார்களா, ஒத்துக்கொண்டிருக்கிறார்களா, இல்லை "நடவடிக்கை எடுக்கப்படும்", "எதிர்காலத்தில் கவனம் செலுத்தப்படும்" என்று மழுப்பியிருக்கிறார்களா? முந்தைய இரண்டு வருட அறிக்கைகளையும் பக்கத்தில் வைத்து அதே பந்தியைத் தேடுங்கள். ஒரே அவதானிப்புக்கு ஒரே வாசகம் மூன்று வருடமாகப் பதிலாக வந்திருந்தால், உங்கள் கட்டுரை அங்கேதான் இருக்கிறது. கோடிக் கணக்கான எண் எதுவும் தேவையில்லை.

சொற்களின் பொருளில் கவனமாக இருங்கள். "அனுமதியின்றிச் செலவிடப்பட்டது", "பயன்படுத்தப்படாமல் இருந்தது", "சிக்கனமற்றது", "கணக்காய்வுக்குச் சமர்ப்பிக்கப்படவில்லை" என்று நான்கு விதமாக எழுதியிருப்பார்கள். பலர் இந்த நான்கையும் கூட்டி ஒரு பெருந்தொகையாக்கி "மோசடி" என்று தலைப்பிடுகிறார்கள். கோப்பு காட்டப்படவில்லை என்பது களவு போனது என்பதற்குச் சமமில்லை. களவே போயிருந்தாலும், கணக்காய்வாளர் அப்படி எழுதாதவரை நீங்கள் எழுதமுடியாது.

தமிழ்ப் பிரதியை மட்டும் நம்பி எண்ணை எடுக்கவேண்டாம். மொழிபெயர்ப்பில் ஒரு பூச்சியம் தொலைவதும், மில்லியன் பில்லியன் ஆவதும் நடக்கும். சிங்களம் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, அந்தப் பிரதியில் அதே பந்தி எண்ணுக்குப் போய் எண்ணை மட்டும் ஒத்துப்பாருங்கள்.

6. சொத்துக்குத் தனியாக ஒரு நாள் கொடுங்கள்

பணத்தைத் தேடுபவர்கள் சொத்தை மறந்துவிடுகிறார்கள். செலவுக்கு ஒவ்வொரு வருடமும் வாக்கெடுப்பு உண்டு. காணி, கட்டடம், வாகனம், இயந்திரம், பங்கு என்று கிடப்பவற்றுக்கு அப்படி ஒன்று இல்லை. ஒருமுறை கண்ணிலிருந்து தவறினால் பத்து வருடம் தவறியே இருக்கும்.

தொடங்கவேண்டிய இடம் நிதிப்பிரமாணம் 756. இதன்படி வருட முடிவில் பொருட் கணக்கெடுப்புச் சபை ஒன்று நியமித்து, பதிவேட்டில் உள்ளது களஞ்சியத்திலும் உள்ளதா என்று எண்ணிப் பார்க்கவேண்டும். முதலில் கேட்கவேண்டியது, கணக்கெடுப்பு நடந்ததா என்று. நடந்திருந்தால், குறைவாக வந்த பொருட்களுக்கு என்ன செய்தார்கள் என்பது அடுத்த கேள்வி. காணாமற்போன, சேதமான சொத்துக்கு நிதிப்பிரமாணம் 104 இருக்கிறது. 104(3) முதற்கட்ட அறிக்கை, 104(4) முழு அறிக்கை. வாகன விபத்துகளில் முதற்கட்ட அறிக்கை மட்டும் கோப்பில் கிடந்து, முழு அறிக்கை வராமலே வருடங்கள் போவதைக் கணக்காய்வில் பார்க்கலாம். யாரிடம் அறவிடுவது என்று தீர்மானிப்பது முழு அறிக்கைதான். அதனால்தான் அது தாமதமாகிறதோ என்று எனக்கு ஒரு சந்தேகம் எப்போதும் உண்டு.

வாகனத்திலும் காணியிலும் ஒரே வகைச் சிக்கல்: பாவிப்பவர் ஒருவர், பதிவில் இருப்பவர் இன்னொருவர். அமைச்சு கொடுத்த வாகனம் சபையின் முற்றத்தில் நிற்கும், உரிமை மாற்றியிருக்காது. இரண்டு பேருடைய சொத்துப் பட்டியலிலும் அது இல்லாமலும் போகலாம், இரண்டிலும் இருக்கவும் கூடும். காணியில் கட்டடம் கட்டியிருப்பார்கள், காணி உறுதி அந்த நிறுவனத்தின் பெயரில் இருக்காது. ஆகவே "யாரிடம் இருக்கிறது?", "யார் பெயரில் இருக்கிறது?", "யார் கணக்கில் இருக்கிறது?" என்ற மூன்றையும் தனித்தனியாகக் கேளுங்கள். ஒரு கேள்வியாகக் கேட்டால் ஒரு பதில்தான் வரும், அதுவும் அவர்களுக்கு வசதியான பதிலாக இருக்கும்.

கூட்டாகப் பிரித்த சொத்தில் இது இன்னும் சிக்கலாகும். திருகோணமலை எண்ணெய்த் தாங்கித் தொகுதியை எடுங்கள். மொத்தம் 99 தாங்கிகள். 2022 சனவரி ஒப்பந்தத்தின்படி 24 தாங்கிகள் இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கு, 14 இந்தியன் ஒயிலின் இலங்கைக் கம்பனியான லங்கா ஐஓசிக்கு, மிச்சம் 61 இரண்டும் சேர்ந்த ட்ரிங்கோ பெற்றோலியம் டேர்மினல் என்ற கம்பனிக்கு. அந்தக் கம்பனியில் கூட்டுத்தாபனத்தின் பங்கு 51 வீதம், லங்கா ஐஓசியின் பங்கு 49 வீதம். இப்போது 2ஆம் படியில் சொன்ன 50 வீத அளவை வைத்துப் பாருங்கள். 24ஐக் கூட்டுத்தாபனத்தின் கணக்காய்வில் தேடலாம். 61ஐக் கூட்டுக் கம்பனியின் கணக்காய்வில் தேடவேண்டும், 51 வீதம் என்பதால் அது வட்டத்துக்குள் வருகிறது. 14இல் தாங்கிக்குள் நடக்கும் வியாபாரம் லங்கா ஐஓசியின் சொந்தக் கணக்கு. நீங்கள் தேடவேண்டியது குத்தகை நிபந்தனையையும் அரச பக்கத்துக்கு வரும் பணத்தையும்தான். ஒரே வேலிக்குள் நிற்கும் தாங்கிகள், மூன்று வெவ்வேறு தேடல்கள்.

சொத்தின் மறுபக்கம் பொறுப்பு. அரச நிறுவனம் கடன் வாங்கும்போது திறைசேரி உத்தரவாதம் கொடுத்திருக்கும். மதிப்பீட்டு நூலில் அது செலவாகத் தெரியாது. ஸ்ரீலங்கன் எயார்லைன்ஸின் 17.5 கோடி டொலர் கடன்முறி 2024இல் முதிரவேண்டியது, அரசாங்க உத்தரவாதம் பெற்றது. நிறுவனம் கட்டாவிட்டால் கை நீளுவது பொதுப் பணத்தை நோக்கித்தான். நிதி அமைச்சின் வருடாந்த அறிக்கையில் திறைசேரி உத்தரவாதங்களின் பட்டியல் இருக்கும், 52 முக்கிய அரச முயற்சிகளின் நிலையும் இருக்கும். உங்கள் நிறுவனத்தின் பெயர் அங்கே உண்டா என்று பார்க்காமல் இந்தப் படியை முடிக்காதீர்கள்.

7. இப்போது குழுவின் அமர்வுக்குப் போங்கள்

இத்தனை வேலைக்குப் பிறகு அந்தக் காணொளித் துண்டைத் திரும்பப் போட்டுப் பாருங்கள். சத்தம் குறைந்து விடயம் தெரியும். எந்தப் பந்தியைப் பற்றிக் கேட்கிறார்கள், எதைக் கேட்காமல் விட்டார்கள் என்று உங்களுக்கே விளங்கும்.

குழு முன் நிறுவனத்தின் தலைவரும் உரிய அமைச்சின் செயலாளரும் வருவார்கள். கணக்காய்வு அலுவலகத்தார் உறுப்பினர்களுக்கு உதவியாக இருப்பார்கள், திறைசேரியினரும் இருப்பார்கள். திட்டு விழுவது தலைவருக்கு. ஆனால் பணத்துக்குப் பொறுப்பானவர் பிரதம கணக்கீட்டு உத்தியோகத்தரான செயலாளர். அவர் சொன்ன பதிலைக் குறித்துக்கொள்ளுங்கள்.

குழு நீதிமன்றம் இல்லை. ஆளை அழைக்கலாம், கோப்பைக் கேட்கலாம், விதந்துரைக்கலாம், பாராளுமன்றத்துக்கு அறிக்கையிடலாம். தண்டிக்க முடியாது. "கோப் குழு குற்றவாளியாகக் கண்டது" என்று எழுதுவது அடிக்கடி நடக்கும் பிழை.

குழுவுக்கு ஆயுளும் உண்டு. பாராளுமன்றம் கலைந்தால் குழுவும் போகும், கூட்டத்தொடரை முடிவுறுத்தினாலும் புதிதாக நியமிக்கவேண்டும். மத்திய வங்கி முறி விவகாரத்தில், அதாவது அரசாங்கக் கடன்முறி ஏலத்தில் முறைகேடு என்று எழுந்த சர்ச்சையில், இதைப் பார்த்தோம். 2015 பெப்ரவரி 27இல் நடந்த ஏலத்தைப் பற்றி, டியூ குணசேகர கோப் தலைவராக இருந்த காலத்தில் விசாரணை தொடங்கியது. ஜூன் 26இல் பாராளுமன்றம் கலைக்கப்பட, அறிக்கை சபைக்கு வராமலே போனது. அடுத்த பாராளுமன்றத்தில் சுனில் ஹந்துன்நெத்தி தலைமையில் திரும்பத் தொடங்கி, 2016 ஒக்டோபர் 28இல்தான் அறிக்கை சமர்ப்பிக்கப்பட்டது. அதிலும் உறுப்பினர்கள் சிலர் அடிக்குறிப்புகள் சேர்த்தார்கள். குழு அறிக்கையைப் படிக்கும்போது அடிக்குறிப்பையும் மாற்றுக் கருத்தையும் தாண்டிப் போகாதீர்கள். யார் எந்த வசனத்தோடு உடன்படவில்லை என்பது அங்கேதான் தெரியும்.

8. அறிக்கைக்குப் பிறகு என்ன நடந்தது என்று தேடுங்கள்

பெரும்பாலான கட்டுரைகள் அறிக்கை வந்த அன்றே முடிந்துவிடுகின்றன. அதற்குப் பிறகு உரிய அமைச்சர் தம் அவதானிப்புகளைப் பாராளுமன்றத்துக்குச் சமர்ப்பிக்கவேண்டும். சபையில் சமர்ப்பித்த ஆவணங்களின் பட்டியலில் அதைத் தேடுங்கள். கிடைத்தால் விதப்புரைகளை இடது பக்கமும் அமைச்சரின் பதிலை வலது பக்கமும் எழுதிப் பாருங்கள். வலது பக்கம் வெறுமையாக இருக்கும் வரிகளை எண்ணுங்கள். அவதானிப்பே கிடைக்காவிட்டால், சமர்ப்பிக்கவில்லை என்று எழுதும் முன் பாராளுமன்ற நூலகத்திலோ குழு அலுவலகத்திலோ ஒரு தடவை கேட்டுவிடுங்கள். இணையத்தில் ஏற்றப்படாமல் இருப்பதும் உண்டு.

9. இடைவெளிக்கு மட்டும் தகவல் விண்ணப்பம் போடுங்கள்

2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தை முதல் நாளே கையில் எடுத்துக்கொண்டு "உங்கள் செலவு விபரங்களைத் தரவும்" என்று எழுதுபவர்களுக்கு, மதிப்பீட்டு நூலைப் பார்க்கவும் என்று பதில் வரும். வரவேண்டியதும் அதுதான். முன்னைய எட்டுப் படிகளுக்குப் பிறகு உங்கள் தாளில் எது வெறுமையாக இருக்கிறதோ அதை மட்டும் கேளுங்கள். அபிப்பிராயம் கேட்காமல் ஆவணம் கேளுங்கள். இப்படி:

"31.12.2022இல் உள்ளவாறு நிதிப்பிரமாணம் 756இன் கீழ் நியமிக்கப்பட்ட பொருட் கணக்கெடுப்புச் சபையின் அறிக்கைப் பிரதி. அதில் குறைவாகக் காணப்பட்ட பொருட்களுக்காக நிதிப்பிரமாணம் 104(4)இன் கீழ் தயாரிக்கப்பட்ட முழு அறிக்கைகளின் பிரதிகள்."

தமிழிலேயே எழுதலாம். காரணம் சொல்லத் தேவையில்லை. தகவல் உத்தியோகத்தரிடம் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு எழுத்தில் அத்தாட்சி வாங்குங்கள். 14 வேலை நாட்களுக்குள் அவர் முடிவைச் சொல்லவேண்டும். மறுத்தால் அதே நிறுவனத்தில் மேன்முறையீட்டுக்கென்று குறித்த அலுவலரிடம், அங்கும் சரிவராவிட்டால் இரண்டு மாதத்துக்குள் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழுவிடம். அத்தாட்சி வாங்காமல் வந்து, "எந்த விண்ணப்பம்?" என்று கேட்கப்பட்டவர்கள் என்னோடு வேலை செய்தவர்களிலேயே இரண்டு பேர். ஒரு விண்ணப்பத்தில் இரண்டு மூன்று உருப்படிக்கு மேல் வைக்காதீர்கள். பத்து கேட்டால் எளிதான எட்டைத் தந்துவிட்டு முக்கியமான இரண்டை விட்டுவிடுவார்கள்.

10. எழுத உட்காரும்போது

இப்போது தாளை எடுத்து எல்லா எண்ணையும் ஒரே அலகுக்கு மாற்றுங்கள். ஒவ்வொரு எண்ணுக்கும் பக்கத்தில் ஏற்பாடா, உண்மைச் செலவா, கணக்காய்வாளரின் மதிப்பா என்று எழுதுங்கள். மூன்றில் எதுவென்று சொல்லமுடியாத எண்ணை வெட்டிவிடுங்கள், எவ்வளவு கவர்ச்சியாக இருந்தாலும்.

எழுதியதை நிறுவனத்துக்கு அனுப்பி, பதிலுக்கு ஒரு வாரம் கொடுங்கள். முழுக் கட்டுரையையும் அனுப்பத் தேவையில்லை, அவர்களைப் பற்றிய எண்களையும் குற்றச்சாட்டுகளையும் பந்தி எண்ணோடு அனுப்பினால் போதும். ஒருமுறை ஓர் அலுவலகத்துக்கு இப்படி அனுப்பியபோது கணக்காளரே தொலைபேசியில் அழைத்து, "தம்பி, நீங்கள் எடுத்தது திருத்துவதற்கு முந்தைய கணக்கு" என்றார். அவர் சொன்னது சரி. அனுப்பாமல் போட்டிருந்தால் அன்றோடு என் பெயர் போயிருக்கும்.

பிரசுரமான பிறகு அந்தத் தாளைத் தூக்கிப் போடாதீர்கள். நாட்காட்டியில் அடுத்த ஒக்டோபர் 31ஐக் குறித்துவையுங்கள். அதையொட்டி வரும் புதிய அறிக்கையில் அதே தலைப்பு, அதே பந்தி, அதே நடு நிரல். இந்த முறை இரண்டு நாள் ஆகாது, ஒரு மத்தியானம் போதும்.